நான் நீக்கிய ஓர் எஸ்

வெளிநாட்டு வண்டி ஒன்று நம் சாலையில் ஓட வேண்டுமானால் முதலில் அது காகிதத்தின் மேல் ஓடியாக வேண்டும். அந்தக் காகிதச் சாலையில் வழி காட்டுவது என் தொழில். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஓர் அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்தேன். மனைவிக்கு வேலை மாற்றல் ஆனதால் ஏற்காட்டுக்கு வந்து, ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் மேசை போட்டேன். பழைய ஜீப்பின் மேல் ஆசைப்பட்ட எஸ்டேட் முதலாளிகள், பைக்கிலேயே பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு அனுமதிக் காலம் முடிவதை இங்கே வந்து மறந்துபோன வெள்ளைக்காரர்கள், வெளிநாட்டு வேலையை விட்டாலும் காரை விட மனமில்லாதவர்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது படி ஏறுவார்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் கார் இறக்குமதி செய்தவராக இருக்க வேண்டியதில்லை. ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்று மூன்று பேராக வாழ்கிறவரா? போதும். நாம் ஒரே கட்சி.

எத்தனை வருஷம்

சவரிமுத்து ரைட்டர் வந்த அன்று மேகம் மாடிப்படி வரைக்கும் ஏறி வந்திருந்தது. ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடை ஊர்க்காரர். காபி எஸ்டேட்டில் முப்பத்து நான்கு வருஷம் ரைட்டராக இருந்து, ஆட்களின் பேரும் பறித்த பழத்தின் எடையும் எழுதி ஓய்வு பெற்றவர். குடையைக் கதவுக்கு வெளியே சாய்த்து, அது விழாது என்று உறுதி செய்துகொண்ட பிறகே உள்ளே வந்தார். மகள் ஸ்டெல்லா இங்கிலாந்தில் நர்ஸ். அங்கே நடந்த ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒன்றரை வருஷம் சமாளித்துப் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்புகிறாள். அவளுக்கு முன்னால் கார் கப்பலில் வருகிறது. இவ்வளவையும் மேசை விளிம்பைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

நான் படிவத்தை எடுத்தேன். வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு திரும்புகிறவர், அங்கே தான் வைத்து ஓட்டிய வண்டியைக் கொண்டுவரலாம். ஆனால் இரண்டு வருஷமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே, "எத்தனை வருஷமா அங்கே?" என்று கேட்டேன். எழுவாய் இல்லாத வாக்கியம். தமிழில் நாம் நாள் முழுக்க எழுவாய் இல்லாமல்தான் பேசுகிறோம்; அதனால் யாரும் தொலைந்து போவதில்லை. அவரும் எழுவாய் இல்லாமலே பதில் சொன்னார்: "பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு நடக்குதுங்க."

இலக்கணம் பார்த்தல்

அவர் கொண்டுவந்த கோப்பில் காரின் பதிவுச் சான்று இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில், எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில், புள்ளி என்பதே இல்லாமல், முதலில் சேர்ந்தாற்போல் எம் எஸ், ஓர் இடைவெளி, மறுபடியும் ஓர் எஸ், அப்புறம் சவரிமுத்து. "உங்க இனிஷியல் என்ன?" என்று கேட்டேன். "எம்.எஸ்.ஸுங்க. மரியான் தாத்தா, சூசை அப்பன். எஸ்டேட்ல எஸ். சவரிமுத்துன்னு ரெண்டு பேரு இருந்தமுங்க. சம்பளம் மாறிப் போவக்கூடாதுன்னு மேனேஜர்தான் எனக்கு எம்மையும் சேத்துட்டாரு" என்றார். கோப்பில் இரண்டு கடவுச்சீட்டு நகல்கள் இருந்தன. ஒன்று மகளுடையது. இவருடையதில் மரியான் சூசை சவரிமுத்து என்றே இருந்தது. மகள் சம்பாதித்து அப்பா பேரில் வாங்கியிருக்கிறாள். வீட்டையே அப்படி வாங்குகிற ஊர் இது, கார் என்ன? அப்பாவும் மகளோடு பதினோரு வருஷம் அங்கேயே இருந்திருக்கிறார். எல்லாம் பொருந்தியது. மகளின் நகலைத் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பொருந்தாதது அந்த இரண்டாவது எஸ் மட்டும். நான் சந்திப்பிழை பொறுக்காதவன். 'காபி பொடி' என்று பலகை வைத்த கடைக்காரரிடம் நடுவில் ஒரு 'ப்' போடச் சொல்லி இரண்டு மாதம் மல்லுக்கு நின்றவன். வெள்ளைக்காரன் நம் இனிஷியலைக் கண்டு மிரண்டு ஓர் எழுத்தை இரண்டு தடவை தட்டியிருக்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நான் நிரப்பிய தாளில் அந்த எஸ்ஸை நீக்கி, அவன் விட்ட புள்ளிகளையும் வைத்து, எம்.எஸ். சவரிமுத்து என்று திருத்தமாக எழுதினேன்.

ரைட்டர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்றதற்கு, "நீங்க எழுதுனதுக்கப்புறம் நான் என்னத்தப் படிக்கறதுங்க" என்று சிரித்தார். தாள்கள் துறைமுகத்துக்குப் போயின. அங்கே எனக்காக அலைகிற கோபிநாத் போன் செய்து பாராட்டினான்: "சார், உங்க பேப்பர் மட்டும் பரீட்சைல மொத மார்க் வாங்குனவன் பேப்பர் மாதிரி இருக்கு. ஒரு அடித்தல் கெடையாது!"

தூக்கட்டுமா

கப்பலும் ஸ்டெல்லாவும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். வண்டியின் வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும் என்று விதி. இங்கிலாந்தில் மைல் கணக்கு. அதைக் கேட்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைக்குப் போனேன். கோவில் பூசை முடிந்து ஜீப் அப்போதுதான் வாசலில் வந்து நின்றது. பெரியப்பா மகன்கள் இருவர் ஸ்டெல்லாவை இறக்கி உள்ளே தூக்கிப் போனார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் ஒருவன் தூக்கிக்கொண்டே வாசலில் நின்ற யாரிடமோ மாடு விலை பேசிக்கொண்டிருந்தான்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்ட பிறகு ஸ்டெல்லா விவரம் சொன்னாள். வேகமானியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிலோமீட்டர் வரும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிடி. தன் பக்கம் இழுத்தால் வேகம், அப்பால் தள்ளினால் பிரேக். காலுக்கு வேலையே இல்லை. சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்க அழைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். தினமும் மலை இறங்கி ஏற வேண்டும். கார் வந்தால் போவாள். வராவிட்டால் இந்த வீட்டில்தான். "எப்ப சார் வரும்?" என்று கேட்டாள். பத்து நாளில் என்றேன். அவள் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "நானும் வருசக்கணக்கா ஆளுங்கள தூக்குனவதான் சார். தூக்கறதுக்கு முன்னாடி 'தூக்கட்டுமா'ன்னு கேக்கோணும். அதுதான் எங்களுக்கு மொதப் பாடம். இங்க ஒருத்தரும் கேக்கறதில்ல."

ஐந்து மாதம்

ஏழாம் நாள் கோபிநாத் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "சார், உங்க எம்.எஸ். அங்க மொத்தமே அஞ்சு மாசம்தான் இருந்துருக்காரு. பாஸ்போர்ட்ல முத்திரை தெளிவா இருக்கு. பதினோரு வருசம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீங்க. பொய் உறுதிமொழின்னு எழுதட்டுமான்னு கஸ்டம்ஸ் மேடம் கேக்குறாங்க."

இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் பயப்பட அந்த இரண்டு சொல் போதும். பொய் உறுதிமொழி என்று எழுதிவிட்டால் வண்டியைப் பறிமுதல் செய்யலாம்; கையெழுத்துப் போட்டவருக்கு நோட்டீஸ் வரும்; அப்புறம் வழக்கு. கையெழுத்துப் போட்டவர், வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சம்பளத்தில் ஒரு நாள்கூட மாற்றி எழுதாத மனிதர். ரைட்டருக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எழுவாயோடு கேட்டேன். நீங்கள், நீங்களே, அங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள்? அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "நானுங்களா? பாப்பாவுக்கு அடிபட்டப்பப் போயி அஞ்சு மாசம் இருந்தனுங்க. நொம்பக் குளுரு, தாங்க முடியல, வந்துட்டனுங்க. ஏனுங்க?"

மிஸ்

அந்த 'ஏனுங்க'வுக்கு, நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேகத்துக்குள் வெள்ளக்கடைக்குப் போனேன். பதிவுச் சான்றின் நகலை ஸ்டெல்லாவிடம் நீட்டி, இது யார் பெயர் என்று கேட்டேன். "என் பேருதான் சார். அந்த ஊருல அப்பா பேருதான் குடும்பப் பேரு. ரெண்டாவது எஸ்ஸுன்னா ஸ்டெல்லா. முன்னாடி இருக்கற எம்மும் எஸ்ஸும் சேந்து மிஸ்ஸு. கல்யாணம் ஆச்சா இல்லியான்னு சொல்ல வேண்டாத பொம்பளைக்குப் போடற மரியாதை" என்றாள். எனக்குத் தெரியாத சொல்லா அது? எத்தனையோ ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் எஸ் சின்ன எழுத்தாக இருந்தது. இரண்டும் பெரிய எழுத்தாக வந்ததும், இந்த ஊர்க்காரனுக்கு அது ஒரு தாத்தாவாகவும் ஓர் அப்பாவாகவும் தெரிந்துவிட்டது. ஆக, நான் தட்டச்சுப் பிழை என்று நீக்கிய எழுத்துதான் ஸ்டெல்லா.

பக்கத்தில் நின்ற ரைட்டர் குழம்பிப்போய், "மிஸ்ஸா? நீ இன்னும் ஒரு நாளுகூடப் பாடம் எடுக்கப் போவலையே கண்ணு!" என்றார். ஸ்டெல்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவைக் காபி கொண்டுவர உள்ளே அனுப்பினாள். அவர் போய்விட்டார் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்: "கார் போனாப் போவட்டும் சார். கையெழுத்துப் போட்டதுக்கு எங்கப்பாவுக்கு ஏதாச்சும் வருமா? அத மட்டும் ஒளிக்காமச் சொல்லுங்க."

எதன் சுருக்கமும் அல்ல

வரலாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், காப்பீடு எல்லாவற்றையும் அனுப்பினேன். அதிகாரி இன்னொன்றும் கேட்டார்: சான்றில் உள்ள எம் எஸ் என்பது இனிஷியல் அல்ல என்று, அதைக் கொடுத்த அலுவலகமே எழுதித் தர வேண்டும். அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக விசித்திரமான கடிதம் அது. பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ரைட்டர் தினமும் காலைப் பஸ்ஸில் வந்து என் எதிர் நாற்காலியில் உட்காருவார். ஒன்றுமே கேட்கமாட்டார். பதினொரு மணிப் பஸ்ஸுக்கு, "அப்ப வர்றனுங்க" என்று எழுந்து போவார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நன்றாகச் சாப்பிட்டிருப்பேன். நாட்காட்டியில் முதல் தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது.

எட்டாம் நாள் இரண்டே வரியில் பதில் வந்தது. அது பெண்களுக்கு இடும் மரியாதைச் சொல். எதன் சுருக்கமும் அல்ல. அதைக் கோபிநாத்துக்கு அனுப்பிவிட்டு அவன் போனுக்குக் காத்திருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டான். மூன்று பேரும் நேரில் விசாரணைக்கு வர வேண்டுமாம். கடிதத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "'எதோட சுருக்கமும் இல்லன்னா அத எதுக்கு முன்னாடி போடுறாங்க?'ன்னு கேட்டாங்க சார். எனக்கும் அது நியாயமான கேள்வியாத்தான் தோணுச்சு."

விசாரணை

துறைமுகத்தில் கோபிநாத் என்னைத் தனியே அழைத்துப் போய் யோசனை சொன்னான். பெரியவர் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று முடித்துக்கொள்ளலாம், என் பேர் வராது, அடுத்த வண்டிக்கு நான் இதே அதிகாரியிடம்தான் வர வேண்டும். ஒரு நிமிஷம் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி ரைட்டர் சலவைச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல நின்றிருந்தார். பையிலிருந்து தாளை எடுத்து, அந்த எழுத்தை நீக்கியவன் நான், பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டவனும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரியின் அறை மாடியில். அன்றைக்கு லிப்ட் ஓடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு அவரே கார் நின்ற கிடங்குக்கு இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிய பெண்மணி. முதலில் ரைட்டரிடம், "இது உங்க வண்டியா?" என்று கேட்டார். "இல்லீங்க, பாப்பாவுதுங்க." "அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" "என் பேரு இருந்துச்சுங்களே" என்றார் ரைட்டர். அதிகாரி அதற்கு மேல் அவரைக் கேட்கவில்லை. ஸ்டெல்லாவிடம் திரும்பி, இதை எப்படி ஓட்டுவீர்கள் என்று காட்டச் சொன்னார். ஸ்டெல்லா நாற்காலியைக் கதவோரம் நிறுத்தி, ஒரு வழுவழுப்பான பலகையை இடையில் வைத்து, கையை ஊன்றி ஊன்றி இருக்கைக்கு நகர்ந்தாள். ரைட்டர் ஓரடி எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டார். நேரமானது. உட்கார்ந்து, கால்களைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, பிடியை ஒரு தடவை இழுத்து ஒரு தடவை தள்ளிக் காட்டினாள்.

அதிகாரி கண்ணாடியை இறக்கி, நான் நீட்டிய தாளைப் படித்தார். அங்கேயே காரின் முன்மூடி மேல் கோப்பை வைத்து எழுதினார். இறக்குமதியாளர் பெயரைத் திருத்தலாம். தந்தையின் உறுதிமொழியைத் தவறான புரிதல் என்று ரத்து செய்யலாம். அபராதம் எனக்கு. அதை இவ்வளவு சந்தோஷமாக யாரும் கட்டியிருக்க முடியாது. கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்: "ஓர் எழுத்து அதிகமா இருக்குன்னு தோணினா, யாருதுன்னு கேளுங்க சார், திருத்தாதீங்க. ரசீதுல உங்க பேராவது சரியா இருக்கான்னு பாத்து வாங்கிக்கோங்க."

கொண்டை ஊசி

முதல் தேதி தவறிவிட்டது. கல்லூரி மூன்று வாரம் பொறுத்துக்கொண்டது. பதிவு எண்ணும் அவளுக்கான ஓட்டுநர் உரிமமும் கையில் வந்த பிறகு, சேலத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்த என்னை ஸ்டெல்லா போனில் பிடித்தாள். அப்பாவோடு கீழே வந்திருக்கிறாள், நானும் அவர்களோடு காரிலேயே மலை ஏற வேண்டுமாம். மறுக்க முடியுமா? ரைட்டர் பின்னால் உட்கார்ந்து, மடியில் இருந்த பழப் பையைக் குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால்.

ஐந்தாவது வளைவில் மேகம் இறங்கியது. ஏழாவதில் மேலிருந்து ஒரு பஸ் பாதிச் சாலையை எடுத்துக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா பிடியைத் தள்ளி நிறுத்தினாள், வழி விட்டாள், இழுத்தாள், வண்டி ஏறியது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை பிடியில். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு எதற்கோ தலையாட்டினார். ரைட்டர் பின்னாலிருந்து, "பதுக்கப் போ கண்ணு, மெதுவா" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் வராததால் திரும்பிப் பார்த்தபோது தூங்கியிருந்தார். நான் தூங்கவில்லை. விதிகளை எல்லாம் அறிந்தவன், இந்த வண்டியின் பிரேக் பரிசோதனைச் சான்றை இரண்டு தடவை படித்தவன், கதவுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தேன். பதினோராவது வளைவு திரும்பி நேரான பிறகு, ஸ்டெல்லா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "எனக்கே கால்ல பிரேக் இல்லீங்க சார், நீங்க எதுக்கு அந்த மிதி மிதிக்கறீங்க?"

எத்தனையோ வண்டிகளுக்கு இந்தச் சாலையில் ஓடும் தகுதி உண்டு என்று சான்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவனுக்கும் அப்படி ஒரு சான்று வேண்டும் என்று அரசாங்கம் கேட்காத வரைக்கும் என் பிழைப்பு ஓடும்.